சர்வதேச விமானம் எப்போது தொடங்கும்? கொரோனாக் காலத்தில் ஏன் யாராலும் தேதி சொல்ல முடியவில்லை

2020 மார்ச் 19 அன்று இந்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 22ஆம் தேதியிலிருந்து ஒரு வாரத்துக்கு வெளிநாட்டிலிருந்து எந்தப் பயணிகள் விமானமும் இந்தியாவில் வந்து இறங்கக் கூடாது என்றது அது. ஒரு வாரம் என்று ஆரம்பித்த அந்தத் தடை முழுசாக நீங்கி, வழக்கமான அட்டவணைப்படி சர்வதேச விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியது 2022 மார்ச் 27ஆம் தேதி. இரண்டு வருஷம்.

அந்த இரண்டு வருஷமும் துபாயிலோ சிங்கப்பூரிலோ மெல்போர்னிலோ பிள்ளை இருக்கிற வீடுகளில் பேச்சு இதைப் பற்றித்தான். அடுத்த மாசம் திறந்துவிடுவார்கள் என்பார் ஒருவர், தீபாவளிக்கு முன்னால் என்பார் இன்னொருவர், டிராவல்ஸ்காரர் ஒரு தேதி சொல்வார், டிவியில் வேறொரு தேதி ஓடும், அந்த நாளும் வந்து போய்விடும். "அரசாங்கத்துக்கு எல்லாம் தெரியும், சொல்ல மாட்டேங்குறாங்க" என்று நம்பியவர்கள் நிறைய. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தத் தேதி டெல்லியிலும் இல்லை, உலக சுகாதார நிறுவனம் இருக்கிற ஜெனீவாவிலும் இல்லை, எந்த விமான நிறுவனத்திடமும் இல்லை. ஏன் இல்லை என்பதை, இந்த விஷயத்துக்குப் புதியவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் அந்த மாதாந்திரச் சுற்றறிக்கையைப் பார்ப்போம். இந்தியாவில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அமைப்பு டிஜிசிஏ. மாசக் கடைசி நெருங்கும்போது அவர்களிடமிருந்து சின்னதாக ஒரு சுற்றறிக்கை வரும்: சர்வதேசப் பயணிகள் விமானங்களுக்கான தடை இன்ன மாதம் கடைசி நாள் இரவு 11.59 வரை நீட்டிக்கப்படுகிறது, சரக்கு விமானங்களுக்கும் டிஜிசிஏ தனியாக அனுமதி தந்த விமானங்களுக்கும் இது பொருந்தாது. இதைப் படித்துவிட்டு, அப்படியென்றால் 1ஆம் தேதி திறந்துவிடும் என்று கணக்குப் போட்டு டிக்கெட் எடுத்தவர்கள் உண்டு. அந்தத் தேதி சொல்வது அந்த உத்தரவு எத்தனை நாள் செல்லும் என்பதை மட்டும்தான். அதற்குள் நிலைமையைப் பார்த்து இன்னொரு முடிவு எடுப்பார்கள். அந்த முடிவு பெரும்பாலும் இன்னொரு நீட்டிப்பாகத்தான் இருந்தது.

சரி, ஏன் மாசாமாசம்? ஆறு மாசம், ஒரு வருஷம் என்று ஒரேயடியாகச் சொல்லியிருந்தால் ஜனங்கள் அதற்கேற்ப வாழ்க்கையைத் திட்டமிட்டிருப்பார்களே? நியாயமான கேள்விதான். ஆனால் நோய்த்தொற்று விஷயத்தில் நாம் பார்க்கிற எண்ணிக்கை எப்போதுமே பழசு. இன்று ஒருவருக்குத் தொற்று என்று ரிப்போர்ட் வந்தால் அவருக்கு அது ஒட்டியது சில நாளைக்கு முன்னால். கொரோனாவுக்கு அறிகுறி தெரிய இரண்டு நாளும் ஆகலாம், பதினான்கு நாளும் ஆகலாம் என்பதால்தான் அந்தப் பதினான்கு நாள் தனிமைப்படுத்தலே வந்தது. ஆஸ்பத்திரியில் படுக்கை நிரம்புவது அதற்கும் அப்புறம். இப்படிப் பின்தங்கி வருகிற தகவலை வைத்துக்கொண்டு நான்கு வாரத்துக்கு மேல் முன்னால் பார்ப்பது கஷ்டம். தவிர, ஒரு வருஷத்துக்குத் தடை போட்டுவிட்டு மூன்று மாசத்தில் நிலைமை சரியானால், நடுவில் அநியாயமாகப் பிரிந்து கிடந்தவர்களுக்கு யார் பதில் சொல்வது? சர்வதேச சுகாதார விதிமுறைகளும் இதையேதான் கேட்கின்றன: ஒரு நாடு போக்குவரத்தைப் பெரிய அளவில் முடக்கினால் 48 மணி நேரத்துக்குள் காரணத்தோடு உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும், மூன்று மாசத்துக்குள் அதை மறுபரிசீலனை செய்ய வேண்டும். ஆனால் "போதும், திற" என்று உத்தரவு போட அந்த நிறுவனத்துக்கு அதிகாரம் கிடையாது. அது யாருக்குமே கிடையாது. ஒவ்வொரு நாடும் தன் வாசலைத் தானே பூட்டியது, தானே திறக்க வேண்டியிருந்தது.

இதில் புதியவர்கள் முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டியது, ஒரு பயணத்துக்குக் குறைந்தது இரண்டு நாடுகள் சம்மதிக்க வேண்டும் என்பது. பேங்க் லாக்கரில் உங்கள் சாவியும் மேனேஜர் சாவியும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும் இல்லையா, அதேதான் இங்கும். சாதாரண காலத்திலேயே எந்த நாட்டு விமானம் எந்த ஊருக்கு வாரத்துக்கு எத்தனை தடவை போகலாம் என்பதெல்லாம் இரு நாட்டு ஒப்பந்தங்களால் முடிவாகிற விஷயம்; அந்த ஏற்பாடு, சர்வதேச விமானப் போக்குவரத்துக்காக நாடுகள் செய்துகொண்ட 1944 சிகாகோ உடன்படிக்கைக் காலத்திலிருந்து வருவது. தொற்றுக் காலத்தில் அதற்கு மேல் விசா, பரிசோதனை, தனிமைப்படுத்தல், தடுப்பூசி என்று ஒவ்வொரு பக்கமும் தன் நிபந்தனையை ஏற்றி வைத்தது. நடுவில் மூன்றாவது நாட்டில் விமானம் மாறினால் அந்த நாட்டு விதியும் சேர்ந்துகொள்ளும். இத்தனை பேரின் முடிவும் ஒரே நாளில் ஒத்துப்போக வேண்டும் என்றால், டெல்லியில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தேதி சொல்ல முடியாது.

2021 ஏப்ரல், மே மாதங்களில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து போய்வர அதற்குள் ஓரளவு வழி பிறந்திருந்தது. கொரோனாவின் டெல்டா திரிபால் வந்த அலை வந்தது, நம் ஊர் ஆஸ்பத்திரி வாசல்களில் ஆக்சிஜனுக்காக ஜனங்கள் தவித்தார்கள், உடனே அந்தப் பக்கக் கதவுகள் ஒவ்வொன்றாக அடைத்தன. ஏப்ரல் 23இல் பிரிட்டன் இந்தியாவைச் சிவப்புப் பட்டியலில், அதாவது வருவோருக்குக் கதவை ஏறக்குறைய மூடிய நாடுகளின் பட்டியலில், போட்டது. அடுத்த நாள் ஐக்கிய அரபு அமீரகம் இந்தியப் பயணிகளுக்கு வழியை மூடியது. மே 4இல் அமெரிக்காவும் தடை போட்டது. ஆஸ்திரேலியா இன்னும் ஒரு படி மேலே போய், இந்தியாவில் இருந்துவிட்டு 14 நாளுக்குள் திரும்பினால் சொந்தக் குடிமக்களுக்கே ஐந்து வருஷம் வரை சிறை, 66,600 ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம் என்றது. மே 3இலிருந்து 15 வரை அது நடைமுறையில் இருந்தது. தன் பாஸ்போர்ட்டை வைத்திருப்பவன் வீட்டுக்குத் திரும்புவதே குற்றம் என்று ஒரு ஜனநாயக நாடு சொன்னதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. தொற்றைத் தடுக்க வேறு வழிகள் இருந்தன. ஹோட்டலில் தனிமைப்படுத்தும் ஏற்பாடு அந்த நாட்டிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

முழுசாகத் திறக்க முடியாதபோது அரைகுறையாகத் திறக்கிற வழிகளும் வந்தன. இவற்றின் பெயர்கள் செய்தியில் கலந்து வந்து நிறையப் பேரைக் குழப்பின. 2020 மே 7இல் தொடங்கிய வந்தே பாரத் திட்டம் வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட இந்தியர்களை மீட்டு வருவதற்கானது; தூதரகத்தில் பதிவு செய்து, அவசரம் யாருக்கு அதிகம் என்று பார்த்து அழைத்து வந்தார்கள். முதல் நாள் அபுதாபியிலிருந்து கொச்சிக்கும் துபாயிலிருந்து கோழிக்கோட்டுக்கும் விமானங்கள் வந்தன. மாலத்தீவிலிருந்து கடற்படையின் ஜலஷ்வா கப்பல் 698 பேரைக் கொச்சிக்குக் கொண்டுவந்ததும் அந்த வாரத்தில்தான். ஏர் பபுள் என்பது வேறு. அது 2020 ஜூலையில் அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனியோடு ஆரம்பித்தது. இரண்டு நாடுகள் தங்களுக்குள் பேசி, அந்த இரு நாட்டு விமான நிறுவனங்களும் குறிப்பிட்ட எண்ணிக்கையில், குறிப்பிட்ட வகைப் பயணிகளை ஏற்றிப் போகலாம் என்று செய்துகொண்ட தற்காலிக ஏற்பாடு. இதனால்தான் "சர்வதேச விமானங்களுக்குத் தடை நீட்டிப்பு" என்ற தலைப்பு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டுக்காரர் அமெரிக்கா போய் இறங்கியிருந்தார். இரண்டும் உண்மை. தடை என்பது வழக்கமான அட்டவணை விமானங்களுக்கு. பபுள் அந்தத் தடைக்குள் இருந்த ஒரு விதிவிலக்கு. ஒருவருக்குத் திறந்திருந்த வழி இன்னொருவருக்கு மூடியிருந்ததால், எப்போது திறக்கும் என்ற கேள்விக்கு எல்லாருக்கும் பொதுவான பதிலே இருக்க முடியாது.

இத்தனைக்கும் மேல் வைரஸ். மனிதர்கள் போட்ட திட்டத்தை அது எப்படிக் கலைத்தது என்பதற்கு 2021 நவம்பர் 26ஐ விடப் பொருத்தமான நாள் கிடையாது. அன்று இந்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம், டிசம்பர் 15 முதல் சர்வதேச விமானங்கள் வழக்கம்போல ஓடும் என்று அறிவித்தது. இருபது மாசக் காத்திருப்புக்கு அப்புறம் வந்த முதல் நிஜமான திறப்புத் தேதி அது, மாதாந்திர நீட்டிப்பு மாதிரி இல்லை. அதே நாளில், ஜெனீவாவில், தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் தெரிவித்திருந்த புதிய திரிபுக்கு உலக சுகாதார நிறுவனம் ஒமிக்ரான் என்று பெயர் வைத்து, கவலைக்குரிய திரிபு என்று வகைப்படுத்தியது. டிசம்பர் 1இல் டிஜிசிஏ பின்வாங்கியது: தேதி பின்னர் அறிவிக்கப்படும். அப்புறம் ஜனவரி 31 வரை, பிறகு பிப்ரவரி 28 வரை, பிறகு மறு உத்தரவு வரும்வரை என்று தடை நீண்டது. மார்ச் 8ஆம் தேதி ஒருவழியாக 27ஆம் தேதி திறக்கிறோம் என்றார்கள், திறந்தார்கள். நவம்பரில் அறிவித்தவர்கள் பொய் சொல்லவில்லை. அன்றைக்குக் கையில் இருந்த தகவல்படி அது சரியான முடிவுதான்.

மார்ச் 27 என்ற தேதிக்கும் ஒரு காரணம் உண்டு. விமான உலகம் வருஷத்தை இரண்டு பருவமாகப் பிரித்துக்கொள்கிறது. கோடை அட்டவணை மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை தொடங்கும், குளிர்கால அட்டவணை அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை. 2022இல் அந்த ஞாயிறு மார்ச் 27. எந்த விமானம், எந்த நேரம், எந்த விமான நிலையத்தில் எந்த இடம் என்று எல்லாமே இந்தப் பருவக் கணக்கில்தான் ஒதுக்கப்படும் என்பதால், பருவத்தின் நடுவில் திடீரென்று திறப்பதைவிட அதன் தொடக்கத்தில் திறப்பது எல்லாருக்கும் சுலபம். இது தெரிந்திருந்தால், எப்போது திறக்கலாம் என்று கொஞ்சமாவது ஊகித்திருக்கலாம்.

முன்கூட்டியே நிபந்தனையைச் சொல்லி வைத்த ஊர்களும் இருந்தன, எனக்கு அந்த முறை பிடித்திருக்கிறது. ஹாங்காங்கும் சிங்கப்பூரும் 2020 நவம்பர் 22 முதல் தங்களுக்குள் தனிமைப்படுத்தல் இல்லாத பயணத்தைத் தொடங்குவதாக இருந்தன. எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியாத உள்ளூர்த் தொற்றுகளின் ஏழு நாள் சராசரி எந்தப் பக்கமாவது ஐந்தைத் தாண்டினால் இரண்டு வாரம் நிறுத்துவோம் என்று எழுதி வைத்திருந்தார்கள். ஹாங்காங்கில் எண்ணிக்கை ஏறியது, முதல் விமானத்துக்கு முந்தின நாளே ஒத்திவைத்தார்கள். அடுத்து 2021 மே 26 என்றார்கள், இந்தத் தடவை சிங்கப்பூரில் தொற்று ஏறியது, அதுவும் போயிற்று. ஆகஸ்டில் திட்டத்தையே கைவிட்டார்கள். ஒரு விமானம்கூடப் பறக்கவில்லை, உண்மைதான். ஆனால் டிக்கெட் எடுத்த பயணி தினமும் செய்தியில் அந்த எண்ணைப் பார்த்துத் தன் பயணம் நடக்குமா நடக்காதா என்று தானே ஓரளவு கணிக்க முடிந்தது. இந்தியாவின் மாதாந்திரச் சுற்றறிக்கையில் அப்படி ஒரு வரிகூட இருந்ததில்லை. எந்த எண்ணிக்கை இறங்கினால் திறப்பீர்கள், தடுப்பூசி எத்தனை பேருக்குப் போட்டால் திறப்பீர்கள் என்று எதையும் சொல்லாமல் தேதியை மட்டும் தள்ளிக்கொண்டே போனதுதான் இந்த விஷயத்தில் எனக்குள்ள பெரிய குறை. தேதி சொல்ல முடியாது என்பது சரி, நிபந்தனை சொல்லியிருக்கலாம்.

தடுப்பூசி வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தோம், அதிலும் எந்த ஊசி என்ற கேள்வி வந்தது. கோவிஷீல்டுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அவசரகாலப் பட்டியலில் 2021 பிப்ரவரியிலேயே இடம் கிடைத்தது. கோவாக்சினுக்கு நவம்பர் 3 ஆகிவிட்டது. அரசு முகாமில் வரிசையில் நின்று, கிடைத்த ஊசியைப் போட்டுக்கொண்ட ஒரு மாணவருக்கு, அது கோவாக்சின் என்பதாலேயே சேர வேண்டிய நாட்டின் கதவு மாசக்கணக்கில் திறக்காமல் இருந்தது. கோவிஷீல்டு போட்டவர்களும் முழுசாகத் தப்பவில்லை. 2021 செப்டம்பரில் பிரிட்டன் இந்தியாவில் போட்ட ஊசியை ஏற்கவில்லை, பதிலுக்கு அக்டோபர் 4 முதல் பிரிட்டனிலிருந்து வருகிறவர்களுக்குப் பத்து நாள் தனிமைப்படுத்தல் என்று இந்தியா சொன்னது, அடுத்த வாரமே பிரிட்டன் இறங்கி வந்து 11ஆம் தேதி முதல் ஏற்றுக்கொண்டது. அந்தச் சில நாட்கள் சண்டைக்கும் தொற்று எண்ணிக்கைக்கும் சம்பந்தமே கிடையாது, முழுக்க இரு அரசுகளின் பேரம்.

இதில் நொந்து போனவர்கள் சுற்றுலாக்காரர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லீவுக்கு ஊருக்கு வந்த வளைகுடாத் தொழிலாளிகள்தான். அமீரகம் 2021 ஏப்ரலில் மூடியபோது முதலில் பத்து நாள் என்றுதான் பேச்சு, அது நீண்டு நீண்டு ஆகஸ்ட் 5இல்தான், அதுவும் அங்கேயே தடுப்பூசி போட்ட குடியிருப்பு விசாக்காரர்கள் போன்ற சிலருக்கு மட்டும், கதவு திறந்தது. சவூதிக்குப் போக வேண்டியவர்கள் வேறொரு நாட்டில் பதினான்கு நாள் தங்கிவிட்டுப் போக வேண்டியிருந்தது; மாசச் சம்பளக்காரர் மூன்றாவது நாட்டில் இரண்டு வாரம் ஹோட்டல் வாடகை கட்டுவது என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. சவூதி பொதுவாக எல்லாரையும் நேரடியாக வர விட்டது டிசம்பர் 1இல். தேதி தெரிந்திருந்தால் முதலாளியிடம் சொல்லி லீவை நீட்டியிருப்பார்கள், அல்லது ஊரிலேயே வேறு வேலை தேடியிருப்பார்கள். அடுத்த வாரம் திறக்கும் என்று ஒவ்வொரு வாரமும் நம்பியதில் இரண்டையும் செய்யவில்லை. மூடியிருப்பதைவிட இந்த அரைகுறை நம்பிக்கைதான் அதிகம் காசைத் தின்றது.

விமானமே வேண்டாம், பாலம் போதும் என்ற இடத்திலும் இதே கதைதான். ஜோகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் தரைப்பாலம் சுமார் ஒரு கிலோமீட்டர்தான். 2020 மார்ச் 18இல் மலேசியா நடமாட்டக் கட்டுப்பாடு போட்டதோடு அதில் அன்றாடம் வேலைக்குப் போய்வந்த கூட்டம் நின்றது. நடக்கிற தூரத்தில் பெண்டாட்டி பிள்ளைகளை வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் பார்க்க முடியாமல் இருந்தவர்களில் மலேசியத் தமிழர்களும் உண்டு. நடுவில் சிறு சிறு வழிகள் திறந்தாலும், முழுசாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்: அனுமதி கிடைப்பது ஒன்று, விமானம் நிஜமாகவே ஓடுவது வேறொன்று. சென்னை – யாழ்ப்பாணம் சேவையை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ வருஷக் காத்திருப்புக்குப் பிறகு 2019 நவம்பரில் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு அலையன்ஸ் ஏர் விமானம் பறக்க ஆரம்பித்தது, நாலு மாசத்தில் கொரோனா வந்து நிறுத்தியது. கொழும்பு விமான நிலையம் சுற்றுலாப் பயணிகளுக்கு 2021 ஜனவரி 21இலேயே திறந்தாயிற்று. இந்தியாவின் தடை 2022 மார்ச்சில் நீங்கியது. ஆனால் பலாலிக்குச் சென்னை விமானம் திரும்ப வந்தது 2022 டிசம்பர் 12. நடுவில் இலங்கையில் பொருளாதார நெருக்கடி வேறு. சின்ன விமானம், குறைந்த பயணிகள் என்றிருக்கும் வழித்தடங்கள் இப்படித்தான் கடைசியில் உயிர் பெறும். காசு வருகிற வழித்தடத்துக்குத்தான் நிறுவனங்கள் முதலில் விமானத்தை அனுப்பும்.

நிறுத்தி வைத்த விமானத்தைச் சாவி போட்டவுடன் ஓட்டிவிடவும் முடியாது. பயணிகளோடு பறக்க வேண்டிய விமானி கடைசித் தொண்ணூறு நாளில் மூன்று முறையாவது விமானத்தை ஏற்றி இறக்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் விமானம் மாதிரியே இயங்கும் பயிற்சிக் கருவியான சிமுலேட்டரில் போய் அந்தக் கணக்கைச் சரிசெய்துகொண்டு வர வேண்டும். பாலைவனத்தில் நிறுத்திய விமானங்களைச் சோதித்து எடுக்க வேண்டும். வேலையைவிட்டு அனுப்பிய பெட்டி தூக்குபவர்கள், பாதுகாப்புச் சோதனை ஊழியர்கள் எல்லாரையும் மறுபடி பிடிக்க வேண்டும். இது தயாராகாமல் கதவைத் திறந்ததால்தான் 2022 ஜூலையில் லண்டன் ஹீத்ரோவில் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் புறப்படக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். அப்போது தடை எதுவும் இல்லை, ஆள்தான் இல்லை.

நாட்டுக்கு நாடு கொள்கையும் வேறு. நியூசிலாந்து 2020 மார்ச் 19இல் வெளியாருக்கு மூடி, எல்லாருக்கும் முழுசாகத் திறந்தது 2022 ஜூலை கடைசியில். ஜப்பான் தனிப் பயணிகளை விட்டது அந்த வருஷம் அக்டோபர் 11. சீனா தனிமைப்படுத்தலை நீக்கியது 2023 ஜனவரி 8. ஒரே வைரஸ், ஒரே தடுப்பூசிக் காலம், ஆனால் முடிவு எடுத்தவர்கள் எதற்கு அதிகம் பயந்தார்கள் என்பதைப் பொறுத்துத் தேதிகள் மாறின.

இன்னொரு தொற்று எப்போதாவது வந்து இதே மாதிரி தேதிகள் காற்றில் பறக்க ஆரம்பித்தால், தலைப்பில் இருக்கும் தேதியை விட்டுவிட்டு உத்தரவைத் தேடிப் படியுங்கள். அது யார் போட்ட உத்தரவு, உங்கள் பக்கமா சேரும் பக்கமா, உங்கள் பாஸ்போர்ட்டுக்கும் உங்கள் விசாவுக்கும் அது பொருந்துமா, நடுவில் இறங்கும் ஊரில் என்ன விதி, என்று பார்த்துவிட்டு, திரும்பி வரும்போது என்ன செய்வார்கள் என்பதையும் பாருங்கள். போவதற்கு வழி இருந்து திரும்புவதற்கு இல்லாமல் மாட்டிக்கொண்டவர்கள் அதிகம். விசா முடியும் தேதி அருகில் இருந்தால் திறக்கும் என்று நம்பிக் காத்திருக்காமல் மூடியே இருக்கும் என்று வைத்துக்கொண்டு, முதலாளிக்கோ கல்லூரிக்கோ உடனே எழுத்தில் தெரிவித்து வையுங்கள்.

டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும் என்றால், ரத்தானால் பணமாகத் தருவார்களா, அடுத்த டிக்கெட்டில் கழித்துக்கொள்ளும் கிரெடிட்டாகத் தருவார்களா, அந்தக் கிரெடிட் எத்தனை நாள் செல்லும் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். 2020இல் இந்தச் சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. அக்டோபர் 1ஆம் தேதி வந்த தீர்ப்பில் ஊரடங்குக்குள் எடுத்து, ஊரடங்குக்குள்ளேயே பறக்க வேண்டியிருந்த டிக்கெட்டுக்கு முழுப் பணம் என்றார்கள். மற்றவற்றுக்கு, உடனே பணம் தர முடியாத நிலையில் இருந்த நிறுவனங்கள் 2021 மார்ச் 31 வரை செல்லும் கிரெடிட் தரலாம் என்று விட்டார்கள். அந்த மார்ச் 31 வந்தபோது சர்வதேச விமானங்கள் வழக்கமான அட்டவணைக்குத் திரும்ப இன்னும் கிட்டத்தட்ட ஒரு வருஷம் இருந்தது.